பின் சீட்டில் நண்பர்கள், முன்னால் புது லைசென்ஸ்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் சின்ன விமானத்தைத் தரையிறக்கும்போது நடக்கும் விபத்துகளில் ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மூக்குச் சக்கரம் மடங்கும், புரொப்பெல்லர் தரையில் அடித்து வளையும். அப்புறம் இன்ஜினையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் பறக்கும் ஆசையே போய்விடும்.

பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு இந்தியாவில் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செஸ்னா 172 என்ற நான்கு சீட் சின்ன விமானத்தில் அந்த நேரத்தில் ஒரு பகுதி இன்ஸ்ட்ரக்டரோடு, மிச்சம் தனியாக. பின் சீட் காலி. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அங்கே இரண்டு நண்பர்கள் ஏறிவிடுகிறார்கள். பின்னால் எடை கூடினால் மூக்கு லேசாகிவிடும். மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு யோக் என்று பெயர். பழகிய அளவுக்கு யோக்கை இழுத்தாலே மூக்கு எகிறும். எடை அதிகமாயிற்றே என்று பயந்து வேகத்தையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். 65 நாட்ஸ் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் வர வேண்டிய விமானம் 75 நாட்ஸில் (சுமார் 139 கி.மீ.) வந்தால், கரைக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஓடுதளத்துக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போகும், உட்காராது.

இங்கேதான் பொறுமை போகிறது. யோக்கை முன்னால் தள்ளுகிறார்கள். மூக்குச் சக்கரம் முதலில் இடித்து விமானம் குதிக்கும். குதித்ததை அடக்க மறுபடி தள்ளுவார்கள், அதைவிடப் பலமாக இடிக்கும். இரண்டு மூன்று குதிப்புக்குள் மூக்குச் சக்கரம் உடைந்துவிடும்.

பலமாகக் குதித்தால் ஒரே வழி கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது. இன்ஜினுக்குப் பவர் கொடுக்கும் த்ராட்டில் முழுக்க உள்ளே. யோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாமென்று, இறங்கும் வேகத்துக்கு ஏற்றபடி ட்ரிம் செய்திருப்பதால் பவர் கொடுத்ததும் மூக்கு தானாக மேலே ஏறப் பார்க்கும். இடது கையால் யோக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும், வலது கால் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலில். இறங்குவதற்காக இறக்கையின் பின்னால் கீழே இறக்கியிருக்கும் ஃபிளாப்பை முதலில் 20 டிகிரி வரை மட்டும் ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் விமானம் அமிழும்.

இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் செய்வதில்லை. பின்னால் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! பயிற்சியிலும் குறை இருக்கிறது. நல்ல உயரத்தில், இன்ஸ்ட்ரக்டர் சொன்ன பிறகு செய்த கோ-அரவுண்ட்தான் பலருக்கும் பழக்கம். சக்கரம் தரையைத் தொடப்போகும் நொடியில் செய்து பார்த்தவர்கள் குறைவு.

நண்பர்களை ஏற்றும் முன் ஒரு நாள் பின் சீட்டில் எடை வைத்து, இன்ஸ்ட்ரக்டரோடு நாலைந்து லேண்டிங் செய்யுங்கள். அதில் இரண்டையாவது கடைசி நொடியில் கைவிட்டு மேலே ஏறுங்கள். நண்பர்கள் ஏறும் நாளில், "இறங்காமல் இன்னொரு சுற்று வந்தாலும் வருவோம், பயப்படாதீர்கள்" என்று கிளம்பும் முன்னரே சொல்லிவிடுங்கள்.