எல்லைக்கு இந்தப் பக்கம் விதைப் பொட்டலம், அந்தப் பக்கம் ஒரு முறம்

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் ரோட்டில், தமிழ்நாடு, கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அந்தப் பக்கம் அத்தை வீடு. இரண்டு இடத்திலும் ஒரே மண், ஒரே பேச்சு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அதே காற்று. வீட்டுத் தோட்டத்துக்கு அரசு கொடுக்கும் விதை மட்டும் இரண்டு வேறு திட்டங்களில் வருகிறது. எது யாருக்கு என்று தெரியாமலேயே இரண்டு பக்கமும் நிறையப் பேர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம். 2025 ஜூலை 4 அன்று தொடங்கியது. இதில் மூன்று தொகுப்புகள் உண்டு. முதலாவது தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என ஆறு வகை காய்கறி விதை. இரண்டாவது பப்பாளி, கொய்யா, எலுமிச்சை என மூன்று பழக்கன்று. மூன்றாவது மரத்துவரை, காராமணி, அவரை அடங்கிய பயறு விதை. மூன்றுக்கும் 100 சதவீத மானியம், அதாவது முழுக்க இலவசம். முன்பு முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 12 வகை விதைக்கு நம் பங்காக 15 ரூபாய் கட்டினோம். அந்த நினைப்பில் இப்போதும் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுக்க வேண்டியதில்லை.

பதிவு செய்ய உழவன் செயலி இருக்கிறது, தோட்டக்கலைத் துறையின் இணையதளமும் இருக்கிறது. போன் பழக்கம் இல்லாதவர்கள் ஆதார் அட்டையோடு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். நிலம் வேண்டும், பட்டா வேண்டும் என்று தயங்க வேண்டாம். இது வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைக்கிறவர்களுக்கான திட்டம். தொகுப்புகளுக்கு எண்ணிக்கை உண்டு. அதிலும் பழக்கன்றுகள் காய்கறி விதையைவிடக் குறைவு. அதனால் முந்திக்கொள்வது நல்லது.

செய்தி கேட்டதும் அத்தை போன் பண்ணினாள். "கண்ணு, அங்க சும்மா குடுக்கறாங்களாமா? எம்பேருக்கும் ஒண்ணு எழுதி வாங்கிட்டு வா."

"உங்க ஆதார்ல பாலக்காடு ஜில்லான்னு இருக்குதுங்க அத்தை. உங்களுக்கு அங்கயே கிருஷிபவன்ல கிடைக்குமுங்க" என்றேன். கிருஷிபவன் என்பது அங்கே வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகம்.

கேரளத்தில் இதற்கு "ஓணத்தினு ஒரு முறம் பச்சக்கறி" என்று பெயர். ஓணத்துக்குத் தேவையான காய் ஒரு முறமாவது அவரவர் வீட்டிலேயே விளையட்டும் என்ற எண்ணம். முறம் என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அத்தைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பஞ்சாயத்துக் கிருஷிபவனில் விதைப் பொட்டலமும் நாற்றும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஓணம் ஆவணியில் வருகிறது. வெண்டை காய்க்க 45 நாளுக்கு மேல் ஆகும். அதனால் வைகாசிக் கடைசியிலேயே போய்க் கேட்டுவிட வேண்டும். ஆடியில் போய் நின்று பயனில்லை.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களில் பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. மலையாளம் எழுதத் தெரியாது என்று அலுவலக வாசலிலிருந்தே திரும்ப வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மிகுதியாக வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கு அவரவர் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். விதைக்கு மட்டுமல்ல, பயிர் சேத மனுவுக்கும் இது பொருந்தும். அத்தை தமிழிலேயே எழுதிக் கொண்டுபோனாள்.

இனி, வாங்கிய விதையைக் காப்பாற்றுவது. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று சுழற்றிச் சுழற்றி அடிக்கும். சாரல் மண்ணின் மேல்பொருக்கை நனைக்கும், அரை மணி நேரத்தில் காற்று அதைக் காய வைத்துவிடும். பொட்டலம் கைக்கு வந்த சந்தோஷத்தில் ஆறு விதையையும் ஒரே நாளில் போட்டேன். பத்தாம் நாள் பார்த்தால் தக்காளி நாற்று தண்டோடு மடங்கிக் கிடந்தது. மிளகாய் முளைக்கவே இல்லை. கையில் ஒரு விதைகூட மிச்சமில்லை.

அதனால் பாதி விதையை எடுத்து வையுங்கள். பொட்டலத்தை மடித்து, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, அடுப்பு வெக்கை படாத இடத்தில் வைத்தால் போதும். உறையில் உள்ள காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டை, கொத்தவரை, கீரையை நேராக மண்ணில் போடலாம். தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்றாக்கித்தான் நட வேண்டும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 25 முதல் 30 நாள், மிளகாய்க்கு இன்னும் பத்து நாள் கூட. அந்த நாட்களுக்கு நாற்றுத் தொட்டி வீட்டின் கிழக்குச் சுவரோரம் இருக்கட்டும், மேற்குக் காற்று அங்கே நேராக அடிக்காது. மருந்து தடவிய விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

தென்னை நம் ஊரில் பஞ்சமில்லை. செடியைச் சுற்றி மட்டையைக் கவிழ்த்துப் பரப்பினால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டாலே ஈரம் நிற்கிறது. நார் மில்லில் கிடைக்கும் பச்சை நார்க்கழிவை மட்டும் அப்படியே தொட்டியில் போடாதீர்கள். மக்காத கழிவு செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும், இலை வெளுத்துப்போகும். மழை விட்டு வெயில் ஏறினால் மிளகாய் இலை சுருளும், அது இலைப்பேன். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊற வைத்து, காலையில் வடிகட்டி, சாயங்காலம் இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள்.

பழக்கன்று மூன்றில் பப்பாளிதான் காற்றுக்கும் தேங்கும் தண்ணீருக்கும் முதலில் போகும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரமாக இருக்கட்டும், வாய்க்காலுக்குள்ளே வேண்டாம். மேட்டில் குழி எடுத்து, மேற்கே ஒரு தென்னங்கீற்றுத் தட்டி கட்டி நடுங்கள். கொய்யாவும் எலுமிச்சையும் பொறுக்கும். அவற்றுக்கு முதல் இரண்டு கோடையில் மட்டும் தண்ணீர் விட மறந்துவிடாதீர்கள்.