பி பொத்தான் அல்ல, மிதிவிசை

“பி பொத்தானை அழுத்தினால் நாணயமெல்லாம் கல்லாகிவிடும்” என்று மரியோ வீடியோ ஆட்டத்தை விளக்குபவர்கள் எழுதிவிடுகிறார்கள். அதை நம்பி ‘சூப்பர் மரியோ வேர்ல்ட்’ ஆடுபவர் கன்ட்ரோலரில் உள்ள பி பொத்தானை அழுத்தினால், மரியோ ஒரு குதி குதிப்பான். அவ்வளவுதான். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்துக்கும் பதினாறாம் எழுத்துக்கும் தமிழில் ஒரே ‘பி’. கன்ட்ரோலரில் இருப்பது இரண்டாவது. ஆட்டத்துக்குள் தரையில் கிடக்கும் பொருளின் மேல் பொறித்திருப்பது பதினாறாவது. ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்கு ‘பி சுவிட்ச்’ என்று பெயர். தமிழில் அதை எப்படி அழைப்பது என்பதுதான் கேள்வி.

சுவிட்ச் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் அர்த்தம் மெல்லிய குச்சி, குதிரையை விரட்டும் சிறு சாட்டை. ரயில் தடம் மாற்றும் கருவிக்குப் போய், பிறகு மின்சாரத்துக்கு வந்தது.

பி சுவிட்ச் அறிமுகமானது 1988இல் வெளிவந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3’இல். மேலே குதித்து மிதித்தால் நசுங்கும், இசை மாறும். நாணயங்கள் செங்கல்லாகும், செங்கற்கள் நாணயமாகும். ஏறக்குறைய பத்து வினாடியில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். பள்ளத்துக்கு மேல் வரிசையாக நாணயங்கள் தொங்கினால் அதுதான் பாலம். ஆசைப்பட்டு முன்கூட்டியே அள்ளிவிட்டால் அந்த இடத்தில் கல் வராது, நடுவே ஓட்டை விழும். 1990இல் வந்த ‘வேர்ல்ட்’இல் இதைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். தேவையான இடத்தில் வைத்துவிட்டு மிதிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். தொலைவில் மிதித்துவிட்டு ஓடி வந்தால் பாதி நேரம் வழியிலேயே போய்விடும்.

இதற்கு ‘நிலைமாற்றி’ என்று கலைச்சொல் பிரியர்கள் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலைமாற்றி என்றால் ஒரு முறை போட்டால் ஒரு நிலை, மறுமுறை போட்டால் மறு நிலை. ‘வேர்ல்ட்’இல் அப்படி ஒன்று தனியாகவே இருக்கிறது: கீழிருந்து தலையால் முட்டும் ஆன்–ஆஃப் கட்டை. அந்தப் பெயரை அதற்கு விட்டுவைக்க வேண்டும். நம் பொருளை இரண்டாம் முறை மிதிக்கவே முடியாது. தானாகத்தான் பழைய நிலை திரும்பும். இலங்கைப் பாடநூல்களில் வரும் ‘ஆளி’ மின்சாரத்துக்குப் பொருந்தும், நல்ல சொல்லும்கூட. ஆனால் ஆளி என்றால் சிங்கமும்தான்; ஆட்டத்தில் வைத்தால் பூதங்களோடு ஒரு சிங்கமும் சேர்ந்துகொண்டதோ என்று சந்தேகம் வரும். ‘சொடுக்கி’ விரலுக்கான சொல். இங்கே வேலை காலுக்கு.

ஆகவே மிதிவிசை. விசை என்றால் வேகம், பலம் மட்டும்தானா? துப்பாக்கியின் விசையை நினைத்துப் பாருங்கள்: ஒரு முறை அழுத்தம், உடனே விளைவு. மிதிவண்டியில் பழகிய ‘மிதி’ முன்னால் நின்றால், கையால் அழுத்தும் எதோடும் குழம்பாது. பகைவர்களை வெள்ளி நாணயமாக்கும் சாம்பல் நிறப் பொருளை ‘வெள்ளி மிதிவிசை’ என்றும், வழக்கமானதை ‘நீல மிதிவிசை’ என்றும் பிரிக்கலாம். எழுத்தை மொழிபெயர்க்கவே தேவையில்லை. அது படத்திலேயே இருக்கிறது.

‘வேர்ல்ட்’இன் நான்கு வண்ண மாளிகைகளில் உள்ள பெரிய சுவிட்சுகளையும் இதே பெயரில் சேர்ப்பவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என ஒவ்வொன்றும் ஒருமுறை மிதிக்கப்பட்டால், புள்ளிக்கோடாக மட்டும் தெரிந்த கட்டைகள் ஆட்டம் முழுவதும் திடமாகிவிடும், திரும்பாது. ஆடிப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? அவற்றுக்கு ‘மாளிகை விசை’ என்று தனிப்பெயர் போதும்.