வெளிச்சத்தையும் நிறுத்துப் பாக்கணும்: பழைய சாமான்ல ஒரு புரொஜெக்டர்

கொழுந்து நிறுக்குற எடத்துல நின்னு பாத்தவங்களுக்கு இந்த விசயம் சட்டுனு விளங்கிரும். காலைல இருந்து பறிச்சத தராசுல வச்சா ஒரு கணக்கு, அதுல சாக்குக்கு இவ்வளவு மழைத்தண்ணிக்கு இவ்வளவுன்னு கழிச்சுட்டு எழுதுறது வேற கணக்கு, அது ஃபெக்டரிக்கு போயி வாடி அரைபட்டு காஞ்சு வெளிய வாறப்ப நாலஞ்சு கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான் மிஞ்சும். புரொஜெக்டர் உள்ளுக்கும் அப்படித்தான், வெளிச்சம் ஒவ்வொரு எடத்துலயும் கழிவு குடுத்துக்கிட்டே போவுது. இது விளங்காம, பழைய சாமான்ல சொந்தமா புரொஜெக்டர் செய்யப் போற நம்ம ஆக்கள் மொதல்ல போயி பெரிய வாட்ஸ் எல்இடிதான் வாங்குறாங்க, நானும் அததான் செஞ்சேன்.

100 வாட்ஸ்னு சொல்லி விக்கிற அந்த சதுர எல்இடி சிப்ப கொழும்பு புறக்கோட்டைல வாங்கி, ரயில்ல மடியிலயே வச்சு தலவாக்கலைக்கு கொண்டாந்தேன். எங்க லயத்து வீட்டு அறைல, அதான் காம்பராவுல, பத்த வச்சப்ப கண்ணு கூசிப்போச்சு, இந்த வெளிச்சத்துக்கு படம் மலைக்கு அந்தப்பக்கமே தெரியும்னு நெனச்சேன். முன்னாடி ஒரு பூதக்கண்ணாடிய புடிச்சுப் பாத்தா செவுத்துல மஞ்சளா ஒரு பொட்டு, அவ்வளவுதான். சாமான் சேக்குறதுக்கு ஒரு வரிசை இருக்கு, எல்இடி அதுல கடைசி.

மொதல்ல தேட வேண்டியது எல்சிடி பேனல், அதாவது டிவிலயும் மொனிட்டர்லயும் படம் தெரியிற கண்ணாடித் தகடு, பின்னால இருந்து வெளிச்சம் அடிச்சு லென்ஸ் வழியா அந்தப் படத்தத்தான் செவுத்துல போடப்போறோம். ஏப்ரல்லயும் ஒக்டோபர்லயும் நம்ம பக்கம் இடி மின்னல் எப்படின்னு தெரியும்தானே, அந்த நாளைல ரிப்பேர் கடைக்குப் போனா செத்த டிவியும் மொனிட்டரும் அடுக்கி வச்சிருப்பாங்க. எல்லாம் முழுசா சாகல. கரண்ட் குடுத்து, திரை கருப்பா இருக்கப்ப ஒரு டோர்ச்ச கிட்ட வச்சு சாய்வா அடிச்சுப் பாருங்க, மங்கலா படம் ஓடுறது தெரிஞ்சா பேனல் உசுரோட இருக்கு, பின்னாடி இருக்க லைட்டுதான் போயிருக்கு. நமக்கு வேணும்ங்கிறதும் அதுதான், பின்லைட்ட எப்படியும் கழட்டத்தானே போறோம். கண்ணாடி வெடிச்சது சும்மா குடுத்தாலும் வேணாம்.

15 இஞ்சி பழைய சதுர மொனிட்டர் நல்லது. கழட்டும்போது ஒரு விசயம், அந்தக் காலத்து மொனிட்டர்ல பின்லைட்டு மெல்லிசான டியூப் லைட், அதுக்கு நூத்துக்கணக்கான வோல்ட் குடுக்குற இன்வேட்டர்னு ஒரு போர்ட் இருக்கும், பிளக்க கழட்டி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கை வைக்கணும். டியூப்ப கழட்டுனா சில மொனிட்டர் ரெண்டு செக்கன்ல அணைஞ்சிரும், டியூப் போயிருச்சுன்னு அதுவா நெனச்சு தன்னைக் காப்பாத்திக்கிது. அதனால இன்வேட்டர் தனி போர்டா இருக்கதா பாத்து எடுத்தா தலவலி குறைவு. பேனல் ஓரத்துல வாற நாடா வயரு கிழிஞ்சா கதை முடிஞ்சுது, எனக்கு மொத பேனல் அப்படித்தான் போச்சு.

இப்ப அந்தப் பேனல் என்ன செய்யிதுன்னு பாப்போம், ஏன்னா பெரிய கழிவு இங்கதான். பேனலுக்கு ரெண்டு பக்கமும் போலரைசர் தாள் ஒட்டியிருக்கும். வெளிச்சம் ஒரு அலை, அது எல்லாத் திசைலயும் ஆடிக்கிட்டு வரும், மொத தாள் ஒரு திசைல ஆடுறத மட்டும் உள்ள விடும், அங்கயே பாதிக்கு மேல போச்சு. ரெண்டாவது தாள் அதுக்கு குறுக்கா ஒட்டியிருக்கதால சும்மா விட்டா ஒண்ணுமே வெளிய வராது, ஆனா நடுவுல இருக்க திரவப்படிகம் அந்த ஆட்டத்த 90 பாகை திருப்பி விடுறதால வெளிய வந்துருது. கரண்ட் குடுத்தா படிகம் நிமிந்து நின்னுரும், திருப்பாது, அந்த புள்ளி கருப்பாயிரும். அப்புறம் ஒவ்வொரு புள்ளிலயும் சிவப்பு பச்சை நீலம்னு மூணு ஃபில்டர், ஒவ்வொண்ணும் தன் நெறத்த வச்சுக்கிட்டு மத்த ரெண்ட முழுங்கும், அதுல மூணுல ரெண்டு பங்கு காலி. இதுக்கு மேல டிரான்சிஸ்டரும் கம்பியும் மறைக்கிற எடம் வேற. எல்லாம் போயி முழு வெள்ளைப் படத்துலயே 100க்கு 6, 7தான் வெளிய வரும்! கொழுந்து கணக்கு எழுதுற எந்தக் கணக்கப்புள்ளயும் இவ்வளவு கழிச்சதில்ல. கடைல விக்கிற நல்ல எல்சிடி புரொஜெக்டர்ல வெள்ளை வெளிச்சத்த கண்ணாடிகளால மூணு நெறமா பிரிச்சு மூணு சின்ன பேனலுக்கு அனுப்புறாங்க, முழுங்குற ஃபில்டர் அங்க கெடையாது, வெல கூடுனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து லென்ஸ். இதுலதான் எனக்கு அதிர்ஷ்டம். ஒரு பள்ளிக்கூடத்துல பழைய சாமான் ஒதுக்குனப்போ, முந்தி டீச்சர்மாரு கண்ணாடித் தாள்ல எழுதி செவுத்துல காட்டுவாங்களே அந்த ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒண்ணு பழைய இரும்புக்காரர்ட்ட போயிருச்சு. நான் போயி “அண்ணே, இத எனக்கு தாங்களேன்”னு கேட்டேன், அவரு அத தூக்கிப் பாத்து “இதுல இரும்பே இல்லடா தம்பி, கொண்டு போ”ன்னு சொல்லி சின்ன காசுக்கு குடுத்துட்டாரு. இரும்புதான் இல்ல, நமக்கு அது தங்கம். மேல தலைல படம் போடுற லென்ஸ், அதுக்கு மேல ஒரு முகக்கண்ணாடி, கீழ தாள் வைக்கிற மேசைக்கு அடில ஃபிரெனல் லென்ஸ், எல்லாம் ஒரே பொட்டில. அதோட ஹலஜன் பல்ப மட்டும் தொடக்கூடாது, குடிக்கிற கரண்ட்ல பெரும்பகுதிய சூடாத்தான் துப்பும், எல்சிடி தாங்காது.

ஃபிரெனல் லென்ஸ்னா மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தகடு, கிராமபோன் தட்டு மாதிரி வட்ட வட்டமா கோடு இருக்கும். ஃபிரான்ஸ் நாட்டு ஒகஸ்தின் ஃபிரெனல் கலங்கரை விளக்கத்துக்காக யோசிச்சது, 1823ல மொத தடவை கோர்துவான்ங்கிற எடத்துல ஏத்துனாங்க. அவரு யோசன சிம்பிள்தான், லென்ஸ்ல வெளிச்சம் வளையிறது மேற்பரப்புல மட்டும், நடுவுல இருக்க தடிச்ச கண்ணாடி சும்மா பாரம். அந்த பாரத்த வெட்டி எறிஞ்சுட்டு சரிவ மட்டும் வட்ட வட்டமா அடுக்குனா அதே வேல நடக்கும். மலைச்சரிவ படிப்படியா வெட்டுன மாதிரி. (ஒரு எச்சரிக்கை: இத வெயில்ல வைக்காதீங்க. நான் வாசல் திண்ணைல, அதான் இஸ்தோப்புல, சாத்தி வச்சுட்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன், அது வரைக்கும் ஒரே பனி, சுருக்குனு விலகி வெயில் அடிச்சிருக்கு, வந்து பாத்தா ரப்பர் செருப்புல ஓட்டை, பொக வேற. நல்லவேள பக்கத்துல சாக்கு இல்ல.)

நமக்கு ரெண்டு ஃபிரெனல் வேணும். எல்இடி வெளிச்சம் நாலாபக்கமும் செதறும், மொத ஃபிரெனல் அத நேரா பேனல் வழியா போற மாதிரி ஆக்கும். பேனலுக்கு அந்தப்பக்கம் இருக்க ரெண்டாவது, நேரா வந்தத திரும்பச் சுருக்கி படம் போடுற லென்சுக்குள்ள திணிக்கும். கோடு இருக்க பக்கம் பேனல பாத்துத்தான் இருக்கணும், வழுவழுப்பான பக்கம் எல்இடி பக்கமும் லென்ஸ் பக்கமும். பேனல்ல ஒட்டி வைக்காம கொஞ்சம் தள்ளி வைங்க, இல்லாட்டி அந்த வட்டமெல்லாம் படத்துல விழும். சரியா வச்சமான்னு பாக்க லென்ஸ் இருக்க வேண்டிய எடத்துல ஒரு வெள்ளத்தாள புடிங்க, எல்இடியோட மஞ்சள் சதுரம் அப்படியே அதுல குட்டியா தெரியணும். தெரியிற எடத்துல லென்ஸ வைங்க, முடிஞ்சுது. தெரியாம மேலயும் கீழயும் ஆடுனா படத்துல ஒரு மூல பளிச்சுனும் மத்த மூல இருட்டாவும் இருக்கும், பல பேரு லென்ஸ் சரியில்லன்னு தூக்கிப் போடுறது இதனாலதான்.

தூரக் கணக்குக்கு பள்ளிக்கூடத்துல படிச்ச அதே லென்ஸ் சூத்திரம் போதும். என்னோட லென்சோட குவியத்தூரம் 32 செ.மீ. 15 இஞ்சி பேனல 60 இஞ்சி படமா ஆக்கணும்னா நாலு மடங்கு. அப்ப பேனலுக்கும் லென்சுக்கும் நடுவுல 40 செ.மீ, லென்சுல இருந்து செவுத்துக்கு 160 செ.மீ, மொத்தம் 2 மீட்டர். 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவுக்குள்ள, கட்டில நகத்தாமலே அடங்குது! ஆனா பேனல ஒரே ஒரு செ.மீ கிட்ட தள்ளுனா செவுரு 18 செ.மீ பின்னால போகணும், அதனால லென்ஸ ஆணில அடிச்சு வைக்காம முன்னப்பின்ன நகர்ற மாதிரி வைங்க. நான் பிவிசி பைப் ரெண்ட ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிக்கிட்டேன்.

இப்ப வெளிச்சத்த நிறுப்போம். வெளிச்சத்தோட மொத்த அளவ லூமன்ல சொல்லுவாங்க, எல்இடி நல்லதா இருந்தா 8000 லூமன்னு வைங்க. முன்னாடி இருக்க அரைவட்டம் முழுக்க செதறுறதுல ஃபிரெனல் புடிக்கிறது மூணுல ஒரு பங்குதான், 2600 ஆச்சு. வட்டமா விழுற வெளிச்சத்துல நீள்சதுரமான பேனல வச்சா ஓரமெல்லாம் வீண், 1600 ஆச்சு. பேனல் தாண்டுனா சுமார் 100. ஃபிரெனலும் லென்சும் தங்க பங்க எடுத்துக்கிட்டா கைக்கு வாறது 75. எண்ணாயிரம் போட்டு எழுபத்தஞ்சு! அந்த 60 இஞ்சி படத்தோட பரப்பு 1.1 சதுர மீட்டர், அப்ப செவுத்துல விழுறது 70 லக்ஸ் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தன லூமன்ங்கிற கணக்கு) கூட இல்ல. தியேட்டர்ல ஏறத்தாழ 150 லக்ஸ் விழும். அதனால எல்இடி முன்னால குவிக்கிற தடிச்ச கண்ணாடி லென்ஸ் ஒண்ணு கட்டாயம் போடுங்க, செதறுறத ஆரம்பத்துலயே அள்ளிரும், எனக்கு வெளிச்சம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காச்சு. 200 வாட்ஸ் எல்இடி வாங்குறத விட இது மலிவு, சூடும் ஏறாது.

சூடுன்னதும் ஞாபகம் வருது. 100 வாட்ஸ்ல பெரும்பகுதி சூடாத்தான் போவுது, பழைய கம்ப்யூட்டர் சிபியு மேல இருக்க அலுமினிய கூலர், ஃபேனோட, நடுவுல சூட்ட கடத்துற தெர்மல் பேஸ்ட் பூசி இறுக்கணும். எல்இடிக்கு 30க்கு மேல வோல்ட், 3 அம்பியர் கிட்ட போவும், அளவா கரண்ட் விடுற டிரைவர் இல்லாம நேரா குடுத்தா சூடு ஏற ஏற கரண்டும் ஏறி எரிஞ்சிரும். மலைல ஒரு வேடிக்கை, நுவரெலியா 1868 மீட்டர் உசரம், அங்க காத்து கடலோரத்த விட ஆறுல ஒரு பங்கு கிட்ட இலேசு, அதே ஃபேன் சுத்துனாலும் குறைஞ்ச காத்துதான் சூட்ட எடுத்துட்டுப் போகும். ஆனா குளிரு நம்ம பக்கம் நிக்கிறதால கணக்கு நேராயிரும், கொழும்புல செய்யிறவங்களுக்குத்தான் பாவம்.

பேனலுக்கும் ஒரு ஃபேன் தனியா வேணும். காரணம் 1888 வரைக்கும் போவுது. ரெய்னிட்சர்னு ஒஸ்ட்ரியா நாட்டு தாவரவியல்காரரு கொலஸ்டிரோல்ல இருந்து எடுத்த ஒரு சாமான சூடாக்குனாரு, 145 பாகைல உருகி கலங்கலா ஆச்சு, 178ல திடீர்னு தெளிஞ்சிருச்சு. ரெண்டு தடவ உருகுதேன்னு குழம்பிட்டாரு. நடுவுல இருந்த அந்த கலங்கல் நிலைதான் திரவப்படிகம். நம்ம பேனல்ல இருக்க கலவைக்கும் அப்படி தெளியிற சூடு ஒண்ணு இருக்கு, ரொம்ப கீழ. அதத் தாண்டுனா படிகம் ஒழுங்க விட்டுரும், வெளிச்சத்த திருப்பாது, படத்து நடுவுல கருப்பா ஒண்ணு மை கொட்டுன மாதிரி படரும். பயப்படாதீங்க, ஒடனே அணைச்சு ஆற விட்டா திரும்பிரும். அடிக்கடி விட்டா போலரைசர் தாள் கருகிரும், அது திரும்பாது.

பொட்டிக்கு தேயிலைப் பெட்டிப் பலகை போதும், உள்ளுக்கு மட்டும் மங்கல் கருப்பு பூசுங்க. மழைக்காலத்துல லென்ஸ கழட்டி மூடி வைங்க, நம்ம ஈரத்துக்கு கண்ணாடிலயும் பூஞ்சணம் புடிக்கும்.

மொத நாள் போட்டப்ப எல்லாரும் தலகீழா நடந்தாங்க. லென்ஸ் படத்த தலகீழாவும் இடம் வலமாவும் மாத்தும், அதனால பேனல தலகீழா வச்சேன். ஆள் நிமிந்துட்டாங்க, ஆனா எழுத்து முகக்கண்ணாடில பாக்குற மாதிரி வந்துச்சு, அப்பாயி “இது என்ன பாஷைடா”ன்னு கேட்டாங்க. பேனலோட முன்பக்கம் லென்ஸ பாத்து இருந்ததுதான் தப்பு, முன்பக்கம் எல்இடிய பாக்குற மாதிரி திருப்பி வச்சதும் சரியாச்சு. ஓவர்ஹெட் தலைல இருந்த முகக்கண்ணாடியோட சேத்து போட்டீங்கன்னா திருப்பத் தேவையில்ல, அதுவே மாத்திரும்.

மிச்சம் இருக்க ஒரே கழிவு வெளிய இருந்து வாறது. சாதாரண பல்பு வெளிச்சம் செவுத்துல 50 லக்ஸ் விழுந்தாலே கருப்பெல்லாம் சாம்பலாயிரும். எங்க காம்பராவுக்கும் பக்கத்து காம்பராவுக்கும் நடுவுல இருக்க செவுரு கூரை வரைக்கும் போகாது, அந்தப்பக்கம் அத்தை வீட்டு பல்பு நேரா நம்ம படத்து மேலதான் அடிக்கிது. “அத்தை, கொஞ்சம் லைட்ட நிப்பாட்டுங்களேன்”னு கத்துனேன். “பழைய படம் போடு, நிப்பாட்டுறேன்”னு பதில் வந்துச்சு, கூடவே பாயத் தூக்கிக்கிட்டு அவங்களும் வந்துட்டாங்க.