அஞ்சு நிமிசம் விளையாடுற பிள்ளைக்கு ஏன் முழங்கால் நோகுது?

கம்பஸ் லீவு விட்டு பிள்ளையள் திருகோணமலைக்கு வந்திறங்கின கிழமையில, விளையாட்டுக் காயம் பார்க்கிற என்னட்ட வாற கேஸுகள்ல ஒரு வகை இருக்கு, அதைப் பற்றி எழுதோணும் எண்டு கனநாளா யோசிச்சுக்கொண்டிருந்தன். இங்க ஸ்கூல் டீம்ல முழு மச்சும் நிண்டு பாஸ்கட்போல் விளையாடின பெடியன் ஏஎல் முடிச்சு பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போறான், அங்க கண்டி கொழும்புப் பக்கம் பெரிய டீமுகள்ல விளையாடின சீனியர் ஆக்கள் ஏற்கனவே நிக்கினம், இவன் வெளிய வாங்கில (பெஞ்சில) இருக்கிறதுதான். மச்சுக்கு நாலு நிமிசம், அஞ்சு நிமிசம், சில நாள் அதுவும் இல்ல. லீவில வீட்ட வரேக்க ரெண்டு முழங்காலும் நோ.

அப்பிடி வந்த ஒரு தம்பியோட அம்மாவும் கூட வந்தவ. "அவங்கள் இவனை விளையாடவே விடுறேல்ல சேர், பிறகெப்பிடி கால் நோகும்?" எண்டு கேட்டா. நியாயமான கேள்வி. சரிவுப் பலகையில ஒத்தைக் காலில நிண்டு மெல்லமாக் குந்தச் சொன்னன், பாதி வழியில முகம் சுருங்கிச்சு, எங்கயடா எண்டு கேட்டா கையால முழங்காலைப் பொத்திக் காட்டேல்ல, ஒரு விரலால முழங்கால் சில்லின்ட கீழ் நுனியத்தான் தொட்டவன். சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கிற தசைநாண் அது. பாய்ஞ்சு பாய்ஞ்சு விளையாடுற ஆக்களுக்கு வாற வழமையான வருத்தம். இதில ஒரு கள்ளம் இருக்கு, விளையாடத் தொடங்கேக்க நோகும், உடம்பு சூடானா இருந்த இடம் தெரியாது, அடுத்த நாள் காலமை ஹொஸ்டல் படி இறங்கேக்க திரும்பப் பிடிக்கும். "சூடானா சரியாகுது சேர்" எண்டு எல்லாரும் சொல்லுறது இதைத்தான், அதால மாசக்கணக்கா இழுத்துக்கொண்டு திரியிறாங்கள்.

மெல்ல மெல்லக் கதை குடுத்தா விசயம் வெளிய வரும். டீம் ப்ரக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு இவன் தனிய நிண்டு பொக்ஸ் ஜம்ப், ஸ்கிப்பிங், படிக்கட்டில ஒத்தைக்காலில பாயிறது, பிறகு இருட்டும்வரைக்கும் ஜம்ப் ஷொட். ஒவ்வொரு நாளும். கோச் பார்க்க வேணும், அடுத்த மச்சில இறக்க வேணும் எண்ட அவசரம். மச்சில விளையாடினது அஞ்சு நிமிசம்தான், ஆனா ஒரு கிழமையில பாய்ஞ்ச பாய்ச்சலைக் கூட்டிப் பார்த்தா மச் தொடங்கேக்க இறங்குற முதல் அஞ்சு பேரில ஒருத்தனை விட இவன் கூட. அந்த ஸ்டார்டருக்கு மச்சுக்கு அடுத்த நாள் ரெஸ்ட் குடுக்கிறாங்கள், வாங்கில இருந்தவனைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கிறேல்ல, "நீ நேற்று விளையாடேல்லத்தானே" எண்டு கூட ரெண்டு ரவுண்ட் ஓட விடுவினம்.

தசை கெதியா பலக்கும், சில கிழமையில வித்தியாசம் தெரியும். தசைநாண் அப்பிடி இல்ல, மாசங்கள் எடுக்கும். நல்லாப் பாய்ஞ்ச நாளுக்குப் பிறகு முதல் ஒண்டரை நாள் மட்டுக்கும் உள்ள கட்டுறதை விட உடையிறதுதான் கூட, அதுக்குள்ள திரும்ப அதே அளவு பாய்ஞ்சா கட்டுறதுக்கு நேரமே இல்லாமப் போகும். அதால கடுமையாப் பாயிற ரெண்டு நாளுக்கு நடுவில ஒரு நாளாவது விடோணும். அந்த நாளில சும்மா படுக்கச் சொல்லேல்ல, இடக்கையால பந்து தட்டுறது இருக்கு, ஃப்ரீ த்ரோ இருக்கு, பாஸிங் இருக்கு, பாயாமச் செய்யிற வேலை எவ்வளவோ கிடக்கு.

நிமிசக் கணக்கையும் ஒருக்கா பார்ப்பம், அம்மா அப்பாமாருக்காக. சர்வதேச விதிப்படி மச் 40 நிமிசம், கோட்டில அஞ்சு பேர், அப்ப பங்கு போடுறதுக்கு மொத்தமே 200 நிமிசம். முதல் அஞ்சு பேரும் ஆளுக்கு 30 நிமிசம் எடுத்தா 150 போயிடும், மிச்சம் 50ஐ வாங்கில இருக்கிற ஏழு பேர் பிரிக்கோணும், ஆளுக்கு ஏழு நிமிசம் சொச்சம். இது கோச்சுக்கு உங்கட பிள்ளையில கோவம் இல்ல, கணக்கே அவ்வளவுதான். அந்த ஏழு நிமிசத்தில ரெண்டு ஷொட் கிடைச்சா பெரிய விசயம், அதை வச்சு ஒருத்தரும் ஷூட்டிங் பழகேலாது. பழகிறது ப்ரக்டிஸிலதான், மச்சில பழகினதைக் காட்டுறது.

அமெரிக்கக் கொலிஜ் பாஸ்கட்போல்ல ஃபிராங்க் கமின்ஸ்கி எண்டு ஒருத்தர், விஸ்கொன்சின் யுனிவர்சிட்டி. முதல் வருசம் மச்சுக்கு எட்டு நிமிசம் கூட இல்ல, சராசரி 1.8 பொயின்ட். ரெண்டாம் வருசமும் பெரிசா ஒண்டும் இல்ல. நாலாம் வருசம், 2015ல, நாட்டிலயே சிறந்த கொலிஜ் வீரர் எண்ட விருது, டீமும் ஃபைனல் வரை போச்சு. அங்க ரெட்ஷேர்ட் எண்டு ஒரு முறையும் இருக்கு, ஒரு வருசம் மச்சே விளையாடாம டீமோட ட்ரெயினிங் மட்டும் செய்து உடம்பை வளர்க்கலாம், விளையாடுற நாலு சீசனில ஒண்டும் குறையாது. இப்ப, மாற விரும்புற வீரர்கள் பேர் பதியிற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, நிமிசம் கிடைக்காட்டி வேற யுனிவர்சிட்டிக்கு மாறுற ஆக்களும் கனபேர், எங்கட பிள்ளையளுக்கு அந்த வழியும் இல்ல, ஏஎல் சோதினை இசட் ஸ்கோர் கொண்டுபோய் விட்ட இடத்திலதான் நாலு வருசமும். கமின்ஸ்கி கதையச் சொல்லி பொறுத்தாத் தானா வரும் எண்டு நான் சொல்ல வரேல்ல, கடைசிவரை வாங்கிலயே இருந்து பட்டம் வாங்கிக்கொண்டு போன ஆக்களும் அங்க இருக்கினம், அவையின்ட பேர் எங்கட காதுக்கு வாறேல்ல. நான் பார்க்கிறது ஒண்டைத்தான், மூண்டாம் வருசம் இடம் காலியாகேக்க ஓடக்கூடிய முழங்காலோட அவன் நிக்கோணும்.

அப்ப என்ன செய்யலாம். மச் முடிஞ்ச உடனயோ அடுத்த நாளோ, விளையாடாத நாலு பேர் சேர்ந்து அரைக் கோட்டில ரெண்டுக்கு ரெண்டு ஒரு பதினஞ்சு இருபது நிமிசம் விளையாடுங்க. தனிய நூறு தரம் பாயிறதை விட இது எவ்வளவோ மேல், ஏனெண்டா முன்னால ஒரு ஆள் நிண்டு மறிக்கிறான், முடிவெடுக்க வேண்டிக் கிடக்கு. ப்ரக்டிஸ் எத்தின நிமிசம், எவ்வளவு கஷ்டம் எண்டு பத்துக்கு ஒரு மார்க், ரெண்டையும் பெருக்கி ஃபோனில எழுதி வையுங்க, தொண்ணூறு நிமிசம் ஆறு மார்க் எண்டா 540. கிழமைக்குக் கிழமை அந்தத் தொகை திடீரெண்டு ஏறுதா எண்டு மட்டும் பாருங்க. தனியச் செய்யிற எக்ஸ்ட்ராவும் அந்தக் கணக்கில சேரோணும், அதை ஒளிக்கிறதாலதான் எனக்கு வேலை வருது.

வாங்கில இருக்கிறதும் ஒரு வேலைதான். அரை மணித்தியாலம் சும்மா இருந்த தசை குளிர்ந்துபோயிருக்கும், மூண்டாம் குவாட்டர்ல கோச் திடீரெண்டு "டேய் நீ போ" எண்டா முதல் ஸ்பிரின்டிலயே பின் தொடை பிடிக்கும். ஒவ்வொரு குவாட்டரும் முடியப் போகேக்க எழும்பி வாங்குக்குப் பின்னால நிண்டு குதிக்கால் ஏத்தி இறக்கிறது, ஒரு காலை முன்னால வச்சு முழங்காலை மடக்கி எழும்புறது நாலு தரம், அவ்வளவும் காணும். இடைவேளை 15 நிமிசமும் தண்ணிப் போத்திலோட குந்தியிருக்காம கோட்டில ஓடி ஷொட் எடுங்க. எங்கட பக்கம் கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல, வெளி சீமெந்துக் கோட்டில, உடம்பு தானா சூடாத்தான் இருக்கும் எண்டு நினைக்காதேங்க, வேர்க்கிறது வேற, தசை ரெடியா இருக்கிறது வேற.

கோச்சிட்ட போய் "ஏன் சேர் என்னை இறக்கேல்ல" எண்டு கேட்டா மறுமொழி வராது, "எதைத் திருத்தினா இறக்குவீங்கள்" எண்டு கேளுங்க, அனேகமா டிஃபென்ஸ், ரீபவுண்ட்ல ஆளை மறிக்கிறது எண்டுதான் சொல்லுவினம்.

மச்சுக்கு முன்னால டிக்ளோஃபெனாக் எண்ட நோக் குளிசை போடுற பழக்கம் சில பிள்ளையளிட்ட இருக்கு, தயவுசெய்து விடுங்க. நோ தெரியாம இன்னும் கூடப் பாயிறதுதான் நடக்கும், வேர்த்துத் தண்ணி குறைஞ்ச உடம்பில அந்தக் குளிசை கிட்னிக்கும் கூடாது. அந்தத் தம்பிக்கு நான் ப்ரக்டிஸை முழுசா நிப்பாட்டச் சொல்லேல்ல, முழு ரெஸ்ட் எடுத்தா நோ குறையும், திரும்ப இறங்கின உடன வரும். பாய்ச்சலை மட்டும் பாதியாக்கி, சுவரில முதுகைச் சாய்ச்சு அரைவாசி குந்தி 45 செக்கன் அப்பிடியே பிடிக்கிறது, அஞ்சு தரம், பிறகு கிழமை போகப் போக பாரம் தூக்கி மெல்லமாக் குந்தி எழும்புறது. கம்பஸ் திரும்பினாப் பிறகும் செய்யோணும், மூண்டு மாசமாவது.

இதெல்லாம் மெல்ல மெல்ல வந்த நோவுக்கு. கால் மடங்கி உள்ளுக்க டப் எண்டு ஒரு சத்தம் கேட்டு, சில மணித்தியாலத்துக்குள்ள முழங்கால் வீங்கினா அது வேற கதை, உள்ளுக்க இருக்கிற இணைப்பு நார் அறுந்திருக்கலாம், பொம்பிளப் பிள்ளையளுக்கு அந்தக் காயம் வாற வாய்ப்பு இன்னும் கூட. எண்ணெய் பூசி உருவுறது, நரம்பு எடுக்கிறது ஒண்டும் வேண்டாம், காலை ஊண்டாம அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.