கடலுப்பில் அயோடின் இருக்கிறதா?

"நாங்க கடல் ஓரத்துல இருக்கோம், மீன் திங்கிறோம், உப்பும் இங்கேயே விளையுது. எங்களுக்கு எதுக்கு டாக்டரம்மா பாக்கெட் உப்பு?"

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், திருப்பாலைக்குடி, வாலிநோக்கம் பக்கமிருந்து வரும் கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். மீனில் அயோடின் உண்டு. ஆனால் உப்பின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம், அயோடினோ 60 மைக்ரோகிராம் அளவுதான். ஒரு கிலோ உப்புக்கு ஏறத்தாழ 30 லிட்டர் நீர் வேண்டும். அதிலுள்ள அயோடின் முழுவதும் தங்கினாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. பாத்தியில் காய்ந்து விளைகிற உப்பில் அவ்வளவும் தங்குவதில்லை. கடையில் வாங்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கர்ப்பிணிக்குத் தினமும் 250 மைக்ரோகிராம் தேவை. மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

இந்தச் சட்டத்தின் வேர் மலையில் இருக்கிறது. இன்றைய இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையை (அயோடின் குறைவால் வரும் கழுத்து வீக்கத்தை) குறைக்கிறது என்று காட்டியது. 1962இல் கழலையைக் கட்டுப்படுத்தத் தேசியத் திட்டம் வந்தது. அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அயோடின் கலக்காத உப்பை உண்பதற்காக விற்க 1998இல் தடை, 2000இல் விலக்கு, 2006இல் மறுபடியும் தடை. இத்தனை மாற்றத்திலும் காங்ரா முடிவு மாறவில்லை. மக்களைக் கட்டாயப்படுத்தலாமா, சிறு உப்பள உரிமையாளர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்விகள்தான் கொள்கையை இழுத்தன. அவை தேவையான கேள்விகள் என்றே நினைக்கிறேன். ஆய்வு மட்டும் அவற்றுக்குப் பதில் சொல்லிவிடாது.

வாலிநோக்கத்திலேயே அரசின் உப்பு நிறுவனம் அயோடின் உப்பு தயாரிக்கிறது. ஆனால் சட்டம் விற்பனையைத்தான் கட்டுப்படுத்துகிறது; பாத்தியிலிருந்து வீட்டுக்கு அள்ளிவரும் கல்லுப்பு அதன் கண்ணில் படாது. என்னிடம் வரும் உப்பளக் குடும்பங்கள் பல அதைப் போட்டுத்தான் சமைக்கின்றன. அயோடின் உப்பு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்ற மாவட்ட சராசரியிலும் இவர்கள் கரைந்துபோவார்கள்.

உப்பளக் கிராமங்களின் கர்ப்பிணிகளுக்குத் உடலுக்கு அயோடின் போதுமான அளவு கிடைக்கிறதா என்று காட்டும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. வீட்டு உப்பைச் சோதிப்பது இன்னும் எளிது. சோதனைக் கிட்டின் சொட்டு விட்டால், அயோடின் இருக்கும் உப்பு நீலமாகும். குறைபாடு தெரிந்தால், தொழிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் உப்பிலும் அரசு செலவிலேயே அயோடின் கலந்து கொடுக்கலாம். மீனே போதுமான அளவு தருகிறது என்று தெரிந்தால், அதையும் அந்தப் பெண்களிடம் சொல்லிவிட வேண்டும்.