பின்னோக்கிப் போகத் தெரியாத இழை

பின்னி முடித்த மிட்டனை, அதாவது கம்பளிக் கையுறையை, முதன்முதலில் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கும். நீளம் 35 சென்டிமீட்டர், அகலம் 14 சென்டிமீட்டர். கட்டைவிரலுக்கு ஒரு தனி அறை, மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஓர் அறை. கண்ணிகள் அத்தனையும் தொளதொளவென்று கிடக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். சாதாரண அளவுக் கையுள்ள ஒரு தோழிக்காகப் பின்னியது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அதையே சூடான சோப்பு நீரில் போட்டு அரை மணி நேரம் கசக்கித் தேய்த்துவிட்டு எடுத்துப் பாருங்கள். நீளம் 25, அகலம் 11. கண்ணிகள் மறைந்திருக்கும். காற்று எளிதில் நுழையாத, தடித்த, மெத்தென்ற ஒரே பரப்பு. கத்தரிக்கோலால் வெட்டினாலும் நூல் பிரியாது. புதிதாக எந்த நூலும் சேரவில்லை, பசையும் இல்லை. பின்னல் ஃபெல்ட் ஆகிவிட்டது, அதாவது இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிய கம்பளித் துணி.

இது எப்படி நடக்கிறது என்று அறிய நம் தலைமுடி ஒன்றே போதும். வேர் எந்தப் பக்கம் என்று தெரிந்த ஒரு நீளமான முடியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விரல்களின் நீளவாக்கில் அதை வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாக மெல்லத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்த்தாலும் முடி ஒரு பக்கமாகத்தான் ஊர்ந்துபோகும். வேர்ப்பக்கம் முன்னே செல்லும், நுனி பின்னே வரும். முடியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் ஊரும் திசையும் திரும்பிவிடும். எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்ந்ததில்லை.

காரணம் செதில்கள். முடியும் கம்பளி இழையும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அவற்றின் மேற்பரப்பில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் இருக்கின்றன. அவற்றின் திறந்த விளிம்புகள் எல்லாம் நுனியைப் பார்த்திருக்கும். மீனைத் தலையிலிருந்து வாலுக்கு வருடினால் கை வழுக்கிக்கொண்டு போகும், வாலிலிருந்து தலைக்கு வருடினால் செதில் தடுக்கும் அல்லவா, அதே கதைதான். ஓர் இழை வேரை முன்னிட்டு நகரும்போது உராய்வு குறைவு. நுனியை முன்னிட்டு நகர முயன்றால் செதில் விளிம்புகள் பக்கத்து இழைகளில் மாட்டிக்கொள்ளும்.

தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெரினோ கம்பளி பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரானுக்குள். இவ்வளவு மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில், வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்து கிடப்பதுதான் நூல். அதைக் கசக்கினால் ஒவ்வோர் இழையும் தன் வேர் இருக்கும் திசையில் ஒரு துளி முன்னேறும். கையை எடுத்ததும் திரும்பி வரப் பார்க்கும், செதில் விடாது. அடுத்த கசக்கலில் இன்னொரு துளி. எதிரெதிர்த் திசையில் போகும் இழைகள் ஒன்றையொன்று சுற்றி, இழுத்து, சிக்கிக்கொண்டு, போகிற போக்கில் கண்ணிகளையும் தம்மோடு உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இப்படித்தான் மிட்டன் சுருங்குகிறது. சுருங்கிய கம்பளிச் சட்டையை என்ன செய்தாலும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாததற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் தண்ணீரும் சோப்பும் எதற்கு? நீரில் ஊறிய கம்பளி இழை சுமார் 16 சதவீதம் பருக்கும், நீளத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் கூடும். அதைவிட முக்கியமானது, ஈரமான இழை எளிதில் வளையும், இழுபடும், விட்டால் மீளும். புழுவைப் போல நீண்டும் சுருங்கியும் ஊர்ந்துபோக இந்த நெகிழ்வு தேவை. சோப்பு, இழைகள் ஒரேயடியாக ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல உதவுகிறது. அதன் காரத்தன்மை இழையை இன்னும் கொஞ்சம் உப்ப வைக்கிறது. சூடு இந்த எல்லாவற்றையும் விரைவுபடுத்துகிறது.

ஆனால் சூடுதான் கம்பளியைச் சுருக்குகிறது என்று பலரும் நம்புவது சரியில்லை. கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுபவர்கள் கொதிநிலைக்குப் பக்கத்தில் உள்ள நீரில் அதை வெகுநேரம் வைத்திருக்கிறார்கள். அசைக்காமல் வைத்தால் நூல் நூலாகவே வெளியே வரும். அசைவு இல்லாவிட்டால் ஃபெல்ட் இல்லை.

இங்கே எல்லாக் குழந்தைகளும் கேட்கும் ஒரு நல்ல கேள்வி உண்டு: மழையில் நனைந்த செம்மறியாடு ஏன் சுருங்குவதில்லை? ஆட்டின் உடலில் ஒவ்வோர் இழையும் வேரில் தோலோடு கட்டப்பட்டிருக்கிறது. போகத் தெரிந்த ஒரே திசையில் போக வழியில்லை. எல்லா இழைகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன, மேலே கம்பளிக் கொழுப்பு வேறு பூசியிருக்கிறது. நோயாலோ சத்துக் குறைவாலோ இழைகள் உதிர்ந்து, வெட்டும் முன்பே உடம்பின் மேல் தங்கிவிட்டால், ஆட்டின் மீதிருக்கும்போதே அவை சடை பிடித்து இறுகிவிடுவதும் உண்டு. வேர் விடுபட்டதும் பயணம் தொடங்கிவிடுகிறது.

மனிதர்கள் இதை மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டார்கள். தெற்கு சைபீரியாவில் அல்தாய் மலையின் பசிரிக் கல்லறைகளில் உறைபனிக்குள் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்த ஃபெல்ட் விரிப்புகளை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் காணலாம்.

மிட்டனுக்கு நூல் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பருத்தி ஃபெல்ட் ஆகாது, அக்ரிலிக் ஆகாது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று எழுதியிருக்கும் சூப்பர்வாஷ் கம்பளியும் ஆகாது. குளோரினால் செதில்களை அரித்து, மேலே மெல்லிய பிசின் பூசி அதன் பிடியை எடுத்திருப்பார்கள். உறை தொலைந்துபோன நூல் என்றால் நான் செய்யும் சோதனை இது: இரண்டு முனைகளைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சில துளி நீர் விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாக உருட்டுவேன். அரை நிமிடத்தில் கை சூடாகும். எடுத்து இழுத்துப் பார்த்தால், நல்ல கம்பளியாக இருந்தால் முனைகள் முடிச்சில்லாமல் ஒரே நூலாகியிருக்கும். நூல் தீர்ந்த இடத்தில் புது நூலை இணைப்பதற்கும் இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது.

நூலின் முறுக்கு தளர்வாக இருக்க வேண்டும், ஊசி வழக்கத்தைவிட இரண்டு மூன்று அளவு பெரிதாக இருக்க வேண்டும். நெருக்கமாகப் பின்னினால் இழைகள் நகர இடமில்லை. பெரும்பாலும் அகலத்தைவிட நீளம் அதிகமாகச் சுருங்கும் என்பதால்தான் பின்னும்போது அந்த விபரீத நீளம். அதுவும் நூலுக்கு நூல் மாறும்; நிறத்துக்கு நிறம்கூட மாறும், வெளுத்த வெள்ளை நூல் சில நேரம் இறுகவே மறுக்கும். எனவே ஒரு சிறு சதுரம் பின்னி, அளந்து, ஃபெல்ட் செய்து, மறுபடி அளந்துவிட்டுத்தான் நண்பரின் கைக்கு வர வேண்டும்.

ஜோடி இரண்டையும் ஒரே நீரில் ஒன்றாகப் போடுங்கள். நான் ஒருமுறை ஒன்றை இன்றும் மற்றதை நாளையுமாகச் செய்து, ஒரு விரற்கடை வித்தியாசத்தில் இரண்டு மிட்டன்களை வைத்துக்கொண்டு வருந்தியிருக்கிறேன். முதல் சில நிமிடங்களில் அது சுருங்குவதற்குப் பதிலாகத் தளர்ந்து பெரிதாகும்; பயப்பட வேண்டாம். பிறகு மேலே பஞ்சு எழும்பும், கண்ணிகளின் விளிம்பு மங்கும், அப்புறம் எல்லாம் வேகமாக நடக்கும். அந்தக் கட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் மறுபடி தேய்க்கலாம். கொஞ்சம் சிறிதாகிவிட்டால் அது ஒரு குழந்தையின் மிட்டன்.

இத்தனை பாடும் கதகதப்புக்காகத்தான். உண்மையில் நம்மைக் குளிரிலிருந்து காப்பது இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று. சாதாரணப் பின்னலில் கண்ணியின் ஓட்டை வழியே காற்று வீசி அதைக் கலைத்துவிடும். ஃபெல்ட்டில் அந்த ஓட்டை கிடையாது. நான்கு விரல்களும் ஒரே அறையில் சூட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்தை ஆவியாக இழைக்குள் வாங்கிக்கொண்டும் கம்பளி தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஐஸ்லாந்து மீனவர்கள் கடலில் அணிந்தவை இப்படி இறுக்கிய மிட்டன்கள்தான். அவற்றில் இரண்டு கட்டைவிரல்கள் இருந்தன. துடுப்பு தேய்த்து உள்ளங்கைப் பக்கம் மெலிந்ததும் திருப்பி மாட்டிக்கொள்வார்கள்.

அளவு சரியானதும் சோப்பு போக அலசி, துணியில் சுற்றி நீரைப் பிழிந்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே கையால் இழுத்து வடிவம் கொடுத்து நிழலில் காய வையுங்கள். ஒருநாள் பொறுத்துப் பரிசளிக்கலாம். அதன் பிறகும் உள்ளே வேலை ஓய்வதில்லை. அணிந்திருப்பவரின் கைச்சூடும் வியர்வையும் விரல்களின் அசைவும் இழைகளை இன்னும் துளித்துளியாக நகர்த்திக்கொண்டிருக்கும். ஒரு குளிர்காலம் முழுக்க அணிந்த ஜோடியை வாங்கி, வலது கை மிட்டனை இடது கையில் மாட்டிப் பாருங்கள், பொருந்தாது.