ரூட் ஸ்டாக்: கட்டையா, செடியா?

நாற்றுப் பண்ணைகளில் ‘ரூட் ஸ்டாக்’ என்று சொல்வது ஒட்டுக்கன்றின் கீழ்ப்பகுதியை. வேரும், தரைக்கு மேல் சாண் உயரத் தண்டும் ஒரு செடியினுடையவை. அதற்கு மேலே கிளைத்துப் பூத்துக் காய்ப்பது வேறு செடி. சாத்துக்குடி மரம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பாலும் தரைக்குக் கீழே சாத்துக்குடியே கிடையாது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டாக்’ என்றால் அடிமரம், வெட்டிய மரக்கட்டை. கடைச்சரக்கு, நிறுவனப் பங்கு என்ற பொருள்களெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. ஒட்டுக்கட்டுவதைக் குறிக்கும் ‘கிராஃப்ட்’ என்ற சொல்லின் பிறப்பு இதைவிடச் சுவையானது. அதன் மூலம் எழுத்தாணியைக் குறிக்கும் லத்தீன் சொல். சீவிச் செருகும் குச்சியின் முனை எழுத்தாணி போலிருந்ததால் வந்த பெயர் அது.

தமிழில் என்ன சொல்வது? பள்ளிப் பாடநூல்கள் ‘வேர்க்கட்டை’ என்கின்றன. ‘ஸ்டாக்’ என்பதன் மூலப்பொருளுக்கு நேர்மையான பெயர்ப்பு. வேளாண் எழுத்துகளில் ‘வேர்ச்செடி’ என்றும் வழங்குகிறது. ‘வேர்த்தண்டு’ என்று சிலர் எழுதுவதைத் தவிர்க்கலாம். இஞ்சி, மஞ்சளின் மண்ணடித் தண்டுக்கு ‘வேர்த்தண்டுக்கிழங்கு’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, வீண் குழப்பம். மேலே ஒட்டப்படுவது குச்சியானால் ‘ஒட்டுத்தண்டு’, ஒற்றை மொட்டானால் ‘ஒட்டுமொட்டு’. அதில் சிக்கல் இல்லை.

என் வாக்கு வேர்ச்செடிக்கு. கட்டை என்றதும் உயிரற்று மேற்பாரத்தைத் தாங்கி நிற்கும் ஒன்றுதான் மனத்தில் எழுகிறது. ஆனால் ஆரஞ்சு, சாத்துக்குடியெல்லாம் அடங்கிய எலுமிச்சை இனத்தில் ரூட் ஸ்டாக் என்பது விதை போட்டு வளர்த்த முழுச்செடி. இந்த இனத்துப் பல வகைகளில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு அசல் நகல்கள். அதனால் ஒரே குணமுள்ள வேர்ச்செடிகளை விதையிலிருந்தே ஆயிரக்கணக்கில் எடுக்க முடிகிறது. தண்டு பென்சில் பருமன் வந்ததும் பட்டையில் ‘டி’ வடிவில் கீறி, மொட்டைச் செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுகிறார்கள். மொட்டு பிடித்த பிறகுதான் வேர்ச்செடியின் தலையை வெட்டுகிறார்கள்.

வறட்சியில் மரம் பிழைப்பது பெரிதும் இந்தக் கீழ்ச்செடியின் கையில்தான். பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் 1940-களில் ‘டிரிஸ்டேசா’ என்ற வைரஸ் நோய், கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் ஒட்டிய தோட்டங்களை அழித்தது. அந்தப் பெயருக்குத் துயரம் என்று பொருள். அசுவினிப் பூச்சி பரப்பும் நோய். அடுத்து விவசாயிகள் பெருமளவில் நம்பியது ரங்கபூர் எலுமிச்சையை. இன்றைய வங்கதேசத்தின் ரங்கபூர் பெயரைத் தாங்கிய அது உண்மையில் எலுமிச்சையே அல்ல. சிட்ரான் என்ற நாரத்தை இனத்துக்கும் கமலா ஆரஞ்சு இனத்துக்கும் பிறந்த கலப்பு. டிரிஸ்டேசாவைத் தாங்கியதோடு, பாசனமே இல்லாமல் மழையை மட்டும் நம்பி ஆரஞ்சு வளர்க்கவும் அது வழிசெய்தது.

அதன் வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓடுகிறது. மண்ணிலிருந்து நீரை வேகமாக மேலேற்றுகிறது. இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது. மண் காயும்போது வேரில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது மேலேறியதும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. நீர் ஆவியாவது குறைகிறது. குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்த ரங்கபூர் வேர்ச்செடியில் ஆரஞ்சை ஒட்டிச் சோதித்தபோது, வேர் இந்த அமிலத்தை எப்போதுமே கூடுதலாகச் சுரந்தது; மரம் வறட்சியை மேலும் நன்றாகத் தாங்கியது. மேலே இருந்ததோ அதே ஆரஞ்சுதான். கட்டையா இதைச் செய்யும்?

இதற்கு விலையும் உண்டு. ரங்கபூர் எலுமிச்சையிலும், ஜம்பேரி என்ற எலுமிச்சை வகையிலும் ஒட்டிய மரங்கள் நிறையக் காய்க்கும். ஆனால் சாறு சற்று நீர்த்திருக்கும். மூவிலை ஆரஞ்சு என்ற வேர்ச்செடியில் ஒட்டிய மரத்தின் பழச்சாறு அடர்த்தி, அந்த மரம் குளிரையும் தாங்கும். ஆனால் வேர் மேலோட்டம். தண்ணீர் இல்லையென்றால் முதலில் வாடும். விதர்பாவின் நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள ஜம்பேரி, பைட்டாப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் வேரழுகலுக்கு எளிதில் இரையாகிறது. பிரேசிலிலும் ரங்கபூர் கடைசிவரை காப்பாற்றவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வேர்ச்செடியில் நின்ற மரங்களைத் ‘திடீர் மரணம்’ என்ற நோய் தாக்கியது. அதைத் தாங்கும் ஸ்விங்கிள் போன்ற வேறு வேர்ச்செடிகளுக்கு மாறியவர்கள் பாசனத்துக்கும் செலவழிக்க வேண்டியதாயிற்று.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை உடனுக்குடன் கிள்ளிவிடச் சொல்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் அது மேற்செடியை முந்திக்கொண்டு வளரும். ஆரஞ்சு மரம் என்று வாங்கி நட்டதில் சில ஆண்டுகள் கழித்து ஆரஞ்சு நிறத் தோலும், உள்ளே பல் கூசும் புளிப்புமாகச் சிறு பழங்கள் காய்த்தால், மேற்செடி பட்டுப்போய் ரங்கபூர் எலுமிச்சையே மரமாகிவிட்டது என்று பொருள்.